ஐஸ் கட்டியை ஆட்டிக் காட்டும் தெரு

என் முழங்கால்கள் இரண்டும் எனக்கு முன்னாலேயே ரிட்டயர் ஆகிவிட்டன. அதனால் யார் கூப்பிட்டாலும் எங்கேயும் போவதில்லை. போன மாதம் எங்கள் பழைய ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த கிராம செவிலியர்களுக்குப் பயிற்சி என்று சொல்லி, ஆட்டோ அனுப்பி, கையோடு கூட்டிக்கொண்டு போனார்கள். சால்வை போட்டார்கள். விருத்தாசலத்து வெயிலில் சால்வையை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியில் இப்போது எண் எரிகிறது. உள்ளே சூடு கூடினாலும் குறைந்தாலும் யாருடைய செல்போனுக்கோ செய்தி போய்விடுமாம். "உங்க காலத்துல இதெல்லாம் இல்லியே சிஸ்டர், எப்படி சமாளிச்சீங்க?" என்று கேட்டார்கள். பஸ் கிடைக்காமல் மாட்டு வண்டியில் ஊசிப் பெட்டியோடு போன கதையைச் சொன்னேன். சிரித்தார்கள், கை தட்டினார்கள்.

ஆட்டோவில் ஏறும்போது ஒரு பெண் பின்னாலேயே வந்தாள். நான் கடைசியாக வேலை பார்த்த பகுதி இப்போது அவளிடம் இருக்கிறதாம்.

"சிஸ்டர், ஒரு டவுட்டு. பீங்கான் கம்பெனிக்குப் பின்னாடி ஒரு தெரு இருக்குதில்ல, அங்க மட்டும் ஊசிக்கு முன்னாடி ஐஸ் கட்டிய ஆட்டிக் காட்டச் சொல்றாங்க. காட்டலன்னா புள்ளய மடியிலேர்ந்து எடுக்கவே மாட்டேங்கறாங்க. வேற எங்கயும் இப்படி இல்லியே, ஏன்?"

"அது அந்தத் தெரு வழக்கம்மா" என்றேன். ஆட்டோவும் கிளம்பிவிட்டது.

வீட்டுக்கு வந்து காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது என் மேலேயே எரிச்சல் வந்தது. அந்தப் பெண் நல்ல கேள்வி கேட்டாள், நான் ஏமாற்றிவிட்டு வந்தேன். அந்தத் தெரு விஷயத்தில் நான் சொன்ன முதல் பொய்யும் அது இல்லை. இத்தனை வயதுக்குப் பிறகு யாருக்காக மறைக்க வேண்டும் என்று தெரியவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

நான் பயிற்சி முடித்த கதையில் சொல்ல ஒன்றும் இல்லை. ஹாஸ்டல் சாம்பார், வெள்ளைப் புடவை, பிரசவ அறையில் நின்று நின்று வீங்கிய கால். தடுப்பூசி பாடத்தில் மண்டையில் ஏறியது ஒன்றுதான்: மருந்துக்கு வெயில்தான் எமன். குளிர்ச்சி போனால் மருந்து போச்சு. எப்படிப் போச்சு, எந்த மருந்து எதைத் தாங்கும் என்பதெல்லாம் பரீட்சையோடு மறந்தது. குளிர்ச்சி வேண்டும், இன்னும் வேண்டும் என்பது மட்டும் நின்றது.

அதை எனக்குள் ஆணி அடித்து மாட்டியவர் தனபாக்கியம் அம்மா. எங்களுக்கெல்லாம் மேலே இருந்த சமுதாய சுகாதார செவிலியர். கஞ்சி போட்ட புடவை, கையில் கறுப்புக் குடை. எந்த புதன்கிழமை எந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்குவார் என்று யாருக்கும் தெரியாது. புதன்தான் ஊசி நாள். வந்ததும் "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்பார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். நேரே பெட்டிக்குப் போய், மூடியைத் திறந்து, வலது கையை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே விடுவார். கண்ணை மூடிக்கொள்வார். வெற்றிலை போட்ட வாய் அசைவது நின்றுவிடும். சுரீர் என்று கையில் குத்தினால் கண்ணைத் திறந்து தலையை ஆட்டுவார். குத்தாவிட்டால் திட்டவே மாட்டார். மூடியை மெதுவாக மூடி, "எடுத்துகிட்டுப் போயிடு" என்பார். அவ்வளவுதான். அன்றைக்கு ஊசி கிடையாது.

எனக்கு அது ஒரு முறை நடந்தது. சித்திரை மாதம். ரயில்வே கேட்டில் பஸ் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டது. நான் இறங்கியபோது தனபாக்கியம் அம்மா வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். கையை விட்டார், எடுத்தார், மூடினார். கூலி வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் குழந்தையோடு காத்திருந்த தாய்மார்களைப் பார்த்து நான்தான் "போயிட்டு அடுத்த வாரம் வாங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒருத்தி என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் வந்து உட்கார்ந்து அழுதேன்.

பக்கத்தில் குச்சி ஐஸ் வண்டி நின்றது. அந்த ஐஸ்காரர் மங்கலம்பேட்டைக்காரர், பெயர் கேட்டதில்லை. என் பெட்டியைப் பார்த்து அவரும் என்னை ஒரு ஐஸ்காரியாக நினைத்திருப்பார் போல.

"ஏம்மா அழுவுறீங்க? உருகிடுச்சா? ஒரு புடி கல்லுப்பு போடுங்க. சாயந்தரம் வரைக்கும் கல்லு மாதிரி நிக்கும். தோ பாருங்க, என் வண்டிய தொட்டுப் பாருங்க."

தொட்டேன். சுரீர் என்றது.

ஊசிப் பெட்டியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அது ஒரு சாப்பாட்டுக் கூடை அளவுக்கு இருக்கும். உள்ளே நான்கு பக்கமும் நான்கு ஐஸ் கட்டிகள் நிற்கும். ஐஸ் கட்டி என்றால் தண்ணீர் ஊற்றி மூடிய தட்டையான பிளாஸ்டிக் டப்பா. அதை முந்தின நாளே ஆஸ்பத்திரி ஃப்ரீசரில் வைத்து உறைய வைப்போம். நடுவில் கிடைக்கும் இடத்தில் மருந்து சீசாக்கள் இருக்கும். எனக்கென்று நான்கு டப்பாக்களைப் பிரித்து, கழுத்தில் சிவப்பு நூல் கட்டி வைத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை மதியம் ஒவ்வொன்றிலும் ஒரு பிடி கல்லுப்பைப் போட்டுக் கலக்கி ஃப்ரீசரில் வைப்பேன். புதன் காலையில் எடுத்த எடுப்பில் பெட்டியில் அடுக்கி, மருந்தை நடுவில் வைத்து, பஸ் பிடிப்பேன். சீசா கட்டிப்போயிருந்தால் உள்ளங்கையில் உருட்டிக் கரைத்துவிட்டுப் போடுவேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நான் உப்பிட்டதை இந்த உயிர் இருக்கும் வரைக்கும் நினைத்துக்கொண்டுதான் இருக்கப் போகிறேன்.

அடுத்த முறை தனபாக்கியம் அம்மா கையை விட்டார். விட்ட வேகத்தில் உதறிக்கொண்டு வெளியே எடுத்தார். "இதாம்மா பெட்டி!" என்றார். மாதக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். நான் பூரித்துப் போனேன். பொய் சொல்லவில்லை, உப்பு ரகசியத்தை மறைக்கவும் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். மூன்று பேர் அப்படியே செய்ய ஆரம்பித்தார்கள். ஒன்றரை வருடம் இப்படிப் போனது.

செல்வி இந்தச் சமயத்தில்தான் வருகிறாள். பீங்கான் கம்பெனியில் பிசிறு எடுக்கும் வேலை. அச்சிலிருந்து வரும், இன்னும் சூளையில் சுடாத பச்சைப் பொம்மைகளை ஈரப் பஞ்சால் துடைத்துத் துடைத்து அவள் கை எப்போதும் வெள்ளையாகத்தான் இருக்கும். புருஷன் அதே கம்பெனியில் சூளையில் நிற்கிறவன். முதல் பெண் குழந்தை பிறந்து ஒன்றரை மாதத்தில் முத்தடுப்பு ஊசிக்குக் கூப்பிட்டேன். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூன்றுக்கும் சேர்த்துப் போடுகிற ஊசி அது. போட்டால் இரண்டு நாள் காய்ச்சல் வரும், தொடை வீங்கும். செல்வியின் மாமியார் வாசலிலேயே மறித்தார்.

"நல்லா இருக்கற புள்ளைக்கு எதுக்கும்மா ஊசி? காய்ச்ச வந்தா நீயா வந்து தூக்கி வெச்சிப்ப?"

மூன்று புதன் நடந்தேன். நான்காவது புதன் செல்வி மாமியாருக்குத் தெரியாமல் முந்தானைக்குள் குழந்தையை மறைத்துக்கொண்டு வந்து நின்றாள். "உங்கள நம்பித்தான் வந்தேன் நர்ஸம்மா. கக்குவான் வராதில்ல?" என்றாள். எங்கள் தொழிலில் வராது என்று யாரும் அறுதியிட்டுச் சொல்லக் கூடாது. அன்றைக்கு வெயில், பசி, ஆள் சேர்க்க வேண்டிய அவசரம். "வராது, நான் பொறுப்பு" என்றேன். மூன்று தவணையும் நானே போட்டேன். என் பெட்டியிலிருந்துதான்.

குழந்தைக்குப் பத்து மாதம் ஆனபோது, மாசி மாதத்தில், செல்வியின் புருஷன் துணை சுகாதார நிலையத்துக்கு சைக்கிளில் வந்தான். "பாப்பாவுக்கு இருமல் நிக்கல நர்ஸம்மா" என்றான். போனேன். குழந்தை சும்மா இருக்கும்போது சாதாரணமாகத்தான் இருந்தது. திடீரென்று இருமல் பிடித்தது. ஒன்று, இரண்டு என்று விடாமல் பதினைந்து இருபது இருமல், நடுவில் மூச்சு எடுக்க இடமே இல்லை. முகம் சிவந்து, உதடு நீலமாகி, கண் பிதுங்கி, கடைசியில் சேவல் கூவுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு மூச்சை உள்ளே இழுத்தது. பிறகு குடித்த பாலையெல்லாம் வாந்தி எடுத்தது. அந்தச் சத்தத்தை ஒரு தரம் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். டாக்டர் வந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று இல்லை. அது கக்குவான்.

"ஊசி போட்டும் எப்படி வந்துது?" என்று செல்வி கேட்டாள். நான் அவள் கையிலிருந்த அட்டையை வாங்கி, என் கையெழுத்து மூன்று இடத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். "சில புள்ளைங்களுக்கு வரும்மா" என்றேன். அன்றே ஆம்புலன்ஸ் பிடித்து புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மூன்று வாரம் கிடந்தது. ஒரு நாள் ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள் என்று தகவல் வந்தபோது, எங்கள் வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்த நான் கஞ்சியைக் காலில் ஊற்றிக்கொண்டேன். குழந்தை பிழைத்து வந்தது, பாதி உடம்பாக.

சித்திரையில் ஒரு டாக்டர் வந்தார். மேல்படிப்புக்காக ஆராய்ச்சி செய்கிறவர். சின்ன வயது, கண்ணாடி, எதைச் சொன்னாலும் நோட்டில் எழுதிக்கொள்வார். கோடையில் ஊசிப் பெட்டிக்குள் எவ்வளவு சூடு ஏறுகிறது, மருந்து எந்த இடத்தில் கெடுகிறது என்று பார்க்க வேண்டுமாம். தீப்பெட்டி அளவில் ஒரு கருவி வைத்திருந்தார். பெட்டிக்குள் போட்டால் நாள் முழுக்க உள்ளே இருக்கும் சூட்டை அதுவே பதிந்துகொள்ளும். முதலில் நல்ல பெட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் மற்ற பெட்டிகளுக்குப் போகலாம் என்றார். தனபாக்கியம் அம்மா என்னைக் காட்டினார்.

புதன்கிழமை கருவி என்னோடு ஊர் சுற்றியது. வியாழன் காலையில் டாக்டர் அதை கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார். கோடு கோடாக வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"சிஸ்டர், பெட்டிக்குள்ள என்ன போட்டீங்க?"

"ஐஸ்தான் சார்."

"வெறும் ஐஸுக்கு இவ்வளவு கீழ போகாதே. காலையிலேர்ந்து பூஜ்யத்துக்குக் கீழதான் ஓடியிருக்கு."

பெருமையாகத்தான் உப்பைப் பற்றிச் சொன்னேன். அந்த மனிதர் என் பெட்டியிலிருந்து முந்தின நாள் பிரிக்காமல் திரும்பி வந்த முத்தடுப்பு சீசா ஒன்றைக் கேட்டார். ஆஸ்பத்திரி குளிர்பெட்டியை விட்டு வெளியே போகாத சீசா ஒன்றை எடுத்துக்கொண்டார். மூன்றாவதாக ஒரு சீசாவை வேண்டுமென்றே ஃப்ரீசரில் வைத்து உறைய வைத்தார். மறுநாள் அதை வெளியே எடுத்து உருக விட்டார். பிறகு மூன்றையும் ஒரே கையில் பிடித்து நன்றாக ஆட்டினார். மூன்றும் மோர் மாதிரி வெள்ளையாகக் கலங்கின. ஜன்னல் ஓரத்தில் மேஜை மேல் வரிசையாக வைத்தார். நாற்காலியை இழுத்து என்னை உட்காரச் சொன்னார். "அரை மணி நேரம் பாருங்க சிஸ்டர். நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல" என்றார்.

பார்த்தேன். வெளியே வேப்பூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஆஸ்பத்திரி சீசா கலங்கியது கலங்கியபடியே நின்றது. உறைய வைத்த சீசாவில் சிறிது நேரத்திலேயே திப்பி திப்பியாக வெள்ளை இறங்க ஆரம்பித்தது. மேலே தண்ணீர் தெளிந்தது. ஃப்ரீசரில் உறைந்த பால் பாக்கெட்டை உருக்கினால் திரிந்து நிற்குமே, அந்த மாதிரி. என் சீசாவும் அதே மாதிரி தெளிந்துகொண்டு வந்தது. அரை மணி நேரத்தில் அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று இரட்டைப் பிள்ளைகள் போல நின்றன.

போலியோ சொட்டு மருந்து உறைந்தாலும் தாங்கும், முத்தடுப்பு ஒரு முறை உறைந்தால் அதன் சத்து போய்விடும் என்று டாக்டர் சொன்னார். பாடத்தில் இருந்ததுதான். நான் குளிர்ச்சி குளிர்ச்சி என்று ஓடியதில் அது எங்கேயோ விழுந்துவிட்டது. அசட்டையாக வேலை பார்த்தவர்களின் பெட்டியில் ஐஸ் பாதி உருகி, மருந்து பத்திரமாக இருந்திருக்கிறது. அக்கறையாக வேலை பார்த்தவள் கெடுத்திருக்கிறேன்.

"செல்வி குழந்தைக்கு அதனாலதான் வந்துதா சார்?" என்று, அந்தக் கக்குவான் கதையைச் சொல்லிக் கேட்டேன்.

"உறுதியா சொல்ல முடியாது. நல்ல மருந்து போட்ட குழந்தைக்கும் சில சமயம் வரும். ஆனா இந்த மருந்து காப்பாத்தியிருக்கும்னும் சொல்ல முடியாது" என்றார்.

ஒதுங்கி நிற்க எனக்கு அவர் கொடுத்த நிழல் அது. நல்ல மனிதர். சில நாள் அதில் நின்று பார்த்தேன், நிற்க முடியவில்லை.

உப்பு போட்ட நான்கு பேரின் பதிவேட்டிலும் உள்ள குழந்தைகளுக்கு மறுபடியும் ஊசி போடுவது என்று எங்கள் மருத்துவ அதிகாரி முடிவு செய்தார். திரும்பப் போட்டால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. என் பதிவேட்டில் மட்டும் நான்கு பக்கம் வந்தது. தாய்மார்களிடம் என்ன சொல்வது என்பதில்தான் சிக்கல். தனபாக்கியம் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கவர்மெண்டு எக்ஸ்ட்ரா டோஸ் குடுத்திருக்குதுன்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்த பேசாத."

"மருந்து கெட்டுப் போச்சுன்னு சொல்லிடலாம்மா."

"சொல்லு. அடுத்த புதன் எவ வருவா? இத்தினி வருஷம் வூடு வூடா நடந்து ஆள் சேத்திருக்கோம். ஒரு தடவ கெட்டுப்போச்சுன்னு காதுல வுழுந்தா அம்மை ஊசிக்கும் வர மாட்டாங்க, சொட்டு மருந்துக்கும் வர மாட்டாங்க. ஒரு புள்ள ரெண்டு புள்ளயோட போவாது, பாத்துக்க."

அவர் சுயநலத்துக்காகச் சொன்னார் என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். பேசிக்கொண்டே தன் வலது கையை இடது கையால் தேய்த்துக்கொண்டே இருந்தார். எனக்கும் அந்த யோசனை வசதியாகத்தான் இருந்தது. மூன்று தெருவில் கவர்மெண்டு எக்ஸ்ட்ரா டோஸ் என்று சொல்லி ஊசி போட்டேன். "கவர்மெண்டு நல்லதுதான் செய்யுது" என்று ஒருத்தி எனக்கு மோர் கொடுத்தாள். குடித்தேன்.

நான்காவது தெரு செல்வியின் தெரு. அவள் வீட்டுக்குப் போனபோது காலை பதினொரு மணி. கம்பெனிக்குப் போயிருக்க வேண்டியவள் வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை வெள்ளையாக இல்லை.

"வேலைக்குப் போகலியா?"

அவள் பதில் சொல்வதற்குள் மாமியார் பேசினார். "எங்கேருந்து போவா? கைக்கொழந்தய கம்பெனிக்குத் தூக்கினு போயி, அந்தத் தூசியிலயும் பொகையிலயும் தூளி கட்டிப் போட்டா. நெஞ்சுல மண்ணு ஏறிடுச்சு. வேண்டாம் வேண்டாம்னு தலப்பாடா அடிச்சிகிட்டேன். காசு ஆசை. புள்ளய கொல்லப் பாத்தா, எங்க கொலசாமி காப்பாத்திச்சு. நீயே சொல்லும்மா, ஊசி போட்ட புள்ளைக்கு வேற எப்படி வரும்?"

செல்வி தலையைக் குனிந்து புடைத்துக்கொண்டே இருந்தாள். அவளும் அதை நம்பிவிட்டாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சில புள்ளைங்களுக்கு வரும் என்று நான் சொல்லிவிட்டுப் போன ஒரு வரிக்கு இந்த வீட்டில் இரண்டு மாதமாக இவள் தினமும் திட்டு வாங்கியிருக்கிறாள். வேலையையும் விட்டிருக்கிறாள். என் கையில் பெட்டி இருந்தது. எக்ஸ்ட்ரா டோஸ் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"பெரியம்மா, அவள திட்டாதீங்க. தூசியால கக்குவான் வராது. தப்பு என் மேல" என்றேன்.

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஐஸ்காரர், உப்பு, தெளிந்து நின்ற சீசா, எல்லாம். டாக்டர் சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன்: இதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் நான் போட்டது கெட்ட மருந்து. இனிமேல் உப்பு கிடையாது என்றும் சொன்னேன். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் கட்டியை உடனே பெட்டியில் வைக்கக் கூடாது, வெளியே வைத்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கிற வரைக்கும் காத்திருந்துதான் வைக்க வேண்டும், அப்போதுதான் மருந்து உறையாது என்று டாக்டர் கற்றுக் கொடுத்ததையும் சொன்னேன். மாமியார் எழுந்து, நான் இதுவரை கேட்காத வார்த்தைகளையெல்லாம் சொன்னார். தெருவே கூடிவிட்டது. நான் வாங்கிக்கொண்டேன். அதில் ஒரு வார்த்தைகூட அநியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

செல்வி அழுது முடித்த பிறகு கேட்டாள். "மத்த தெருவுலயும் சொன்னீங்களா?"

"இல்ல."

"எங்க வூட்ல மட்டும் ஏன் சொல்றீங்க?"

"உன்ன திட்டுனத கேட்டேன். அதான்."

அவள் உள்ளே போய் இரண்டு பீங்கான் கப்பை எடுத்து வந்தாள். இரண்டும் ஒரே மாதிரி, வெள்ளை வெளேர் என்று பளபளத்தன. ஒன்றை நகத்தால் சுண்டினாள். ணங் என்றது. இன்னொன்றைச் சுண்டினாள். டொக் என்று செத்த சத்தம் வந்தது.

"இது உள்ளுக்குள்ள வெடிச்சது. கண்ணுக்குத் தெரியாது. எங்க கம்பெனியில தட்டிப் பாக்காம ஒரு கப்பு வெளிய போவாது நர்ஸம்மா. சூளையிலகூட கைய வெச்சா சூடு பாக்கறாங்க? அதுக்குன்னு உள்ள கூம்பு வெச்சிருக்காங்க, அது சாஞ்சாத்தான் வெந்துதுன்னு அர்த்தம். கப்புக்கே இவ்ளோ பாக்கறோம். புள்ள ஒடம்புல போடறதுக்கு நீங்க கைய வுட்டுப் பாத்தீங்களா?"

செத்த சத்தம் வந்த கப்பை வாங்கி நானும் ஒரு தரம் சுண்டிப் பார்த்தேன்.

"புதன்கெழம வரேன். அந்தக் கட்டிய என் எதிர்ல ஆட்டிக் காட்டுங்க. சத்தம் கேட்டாதான் புள்ளய குடுப்பேன்" என்றாள்.

மற்ற மூன்று தெருவுக்கும் திரும்பிப் போய் உண்மையைச் சொன்னேன். மோர் கொடுத்தவள் கதவைச் சாத்தினாள். தனபாக்கியம் அம்மா சொன்னது அப்படியே நடந்தது. அந்தப் புதன் என் மேஜைக்கு வந்தது ஐந்தே பேர். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, எழுதிக் கொடுத்தேன். பதிவேட்டில் நான்கு குழந்தைகளைக் கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியவில்லை. வேலை தேடிப் போய்விட்டார்கள். திட்டக்குடிப் பக்கம் என்றார்கள், போனேன். அங்கிருந்து எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த நான்கு பேரையும் இப்போதும் சில மத்தியானங்களில் நினைத்துக்கொள்கிறேன். நல்லபடியாக வளர்ந்திருப்பார்கள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

அந்த ஐந்து பேரில் முதல் ஆள் செல்வி. ஐஸ் கட்டியை எடுத்து அவள் எதிரில் ஆட்டினேன். களக் களக் என்றது. என் கையிலிருந்து வாங்கி அவளும் ஒரு தரம் ஆட்டினாள். பிறகுதான் குழந்தையைக் கொடுத்தாள். ஊசி போட்ட பிறகும் வீட்டுக்குப் போகாமல் மேஜை ஓரத்திலேயே நின்று, தயங்கி நின்ற மற்றவர்களிடம் "ஆட்டச் சொல்லிக் கேட்டுட்டுக் குடுங்க" என்றாள். அடுத்த வாரமும் வந்து நின்றாள். கம்பெனிக்குத் திரும்பப் போக ஆரம்பித்த பிறகும், புதன் மட்டும் அரை மணி நேரம் கேட்டுக்கொண்டு வந்தாள். போன கூட்டம் திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. தனபாக்கியம் அம்மா ஒரு நாள் வழக்கம் போல பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். பெட்டியைத் திறந்தார். கையை நீட்டினார், பாதியில் நிறுத்தி எடுத்துக்கொண்டார்.

"ஆட்டும்மா, கேப்போம்" என்றார்.

நான் ஓய்வு பெற்ற வருடம், கடைசியாக ஊசி போட்டது அந்தத் தெருப் பள்ளிக்கூடத்தில். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குப் போடுகிற ஊசி. ஒவ்வொன்றாகக் கையைப் பிடித்து இழுத்து, அழ அழப் போட்டுக்கொண்டிருந்தேன். இடுப்பு விட்டுப் போயிருந்தது. எப்போது முடியும் என்று இருந்தது. வரிசையில் ஒரு ஒல்லிப் பெண் வந்து நின்றாள். முகத்தைப் பார்த்து அடையாளம் தெரியவில்லை, அட்டையைப் பார்த்ததும் தெரிந்தது. அந்த அட்டையில் என் கையெழுத்து மூன்று இடத்தில் அடிக்கப்பட்டு, அதற்குக் கீழே மறுபடியும் மூன்று இருந்தது. நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அழவில்லை.

"மொதல்ல கட்டிய ஆட்டுங்க. எங்கம்மா கேட்டுட்டுதான் போட்டுக்கணும்னு சொல்லியிருக்காங்க."

பெட்டியிலிருந்து ஐஸ் கட்டியை எடுத்தேன். எடுத்த அசைவிலேயே, நான் ஆட்டுவதற்கு முன்பே அது சலசலத்தது. அவள் கிட்டே வந்து, குளிருமே என்றுகூடப் பார்க்காமல், அதில் காதை ஒட்ட வைத்துக் கேட்டாள். "கேக்குது" என்று சொல்லிவிட்டு, சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டாள்.